குண்டுமேட்டு மண்

அச்சன்புதூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ராணுவத்தின் சுடுதளம் ஒன்று இருந்தது. ஜவான்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம். இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கிற பெரிய மண்மேட்டில்தான் குண்டுகள் போய்ப் புதையும். அந்த மண்ணைச் சலித்து ஈயத்தைப் பொறுக்கிப் பீப்பாயில் அடைத்துப் பூட்டுவது சங்கரம்மாளின் வேலை. பட்டாளத்தில் இருந்த புருஷன் பாண்டி காய்ச்சலில் செத்த பிறகு கிடைத்தது. பதினோரு வருஷமாகிறது.

முதலில் அவளுக்கும் அது வெறும் கூலி வேலைதான். ஒரு மழையில் மேடு கரைந்து, செந்தண்ணீர் ஓடையில் இறங்கி, ஓடை நேராக ஊர்க்குளத்தில் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கினாள். மேட்டைச் சுற்றி வரப்புக் கட்டி, வரப்பு நெடுக வெட்டிவேர் நட்டாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

போன மே மாதக் கடைசியில் மகள் முத்துச்செல்வி வீட்டுக்கு நாலு நாள் போய்த் திரும்பியபோது மேட்டையும் காணோம், வரப்பையும் காணோம். புதுமேடு போட வந்த காண்டிராக்டர் குற்றாலீஸ்வரன், பழைய மண்ணை அள்ளிப் போக லாரி வைக்க மனமில்லாமல் ஓடைக்கரையிலேயே பரப்பியிருந்தார். மேலே வரிசையாகக் குழிகள், பக்கத்தில் இருநூறு மரக்கன்றுகள், ‘பசுமைப் பூங்கா’ என்று ஒரு பலகை. சுற்றுச்சூழல் தினத்தன்று கமாண்டரே வந்து முதல் கன்றை நடப்போகிறாராம்.

“என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீய? இதுல பூரா ஈயம்லா கெடக்கு, வெசம்லா!”

“மரம் வைக்கது நல்ல காரியம்தானம்மா. நீ ஏன் கெடந்து துள்ளுத?” என்று குற்றாலீஸ்வரன் சிரித்தார். “சலிக்கிற வேல போயிருமோன்னு பயமாக்கும்?”

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. நேரே சுபேதார் முகம்மது சலீமிடம் போனாள். கடையநல்லூர்க்காரர், தளத்துக்குப் பொறுப்பானவர். எல்லாம் தெரிந்தவர்தான்.

“நீ சொல்லுதது சரிதான் சங்கரம்மா. ஆனா பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. விழா முடியட்டும், பொறவு பாத்துக்கிடுவோம்.”

“சாரல் மழ உங்க விழா முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்குமா சார்? ஊரு மாடெல்லாம் அந்தக் குளத்துலதான் தண்ணி குடிக்கி.”

சலீம் ஃபைலைப் புரட்டினார்.

விழாவன்று காலையில் பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டாயிற்று; ஒலிபெருக்கியில் காற்றையும் நீரையும் காப்பது பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கரம்மாள் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு சல்லடையோடு பந்தலுக்குள் நடந்தாள். காவலுக்கு நின்ற ஜவான், யாரோ ஏற்பாடு செய்ததுதான் போலும் என்று வழிவிட்டான். கமாண்டருக்கென்று அலங்கரித்த குழியிலிருந்து இரண்டு சட்டி மண்ணை அள்ளி, அங்கேயே சலித்து, மிஞ்சியதை, நாடா வெட்டக் கத்தரிக்கோல் வைத்திருந்த வெள்ளித் தட்டில் கொட்டினாள். நசுங்கிய குண்டுகள் சடசடவென்று விழுந்தன. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

வடநாட்டுக்காரரான கமாண்டர் தட்டைப் பார்த்தார். “என்ன இது?” என்று இந்தியில் கேட்டார்.

குற்றாலீஸ்வரன் முந்திக்கொண்டு, “அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கோளாறு சார்,” என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டியவர் சலீம். அவர் அதை விட்டுவிட்டு, மண் எங்கிருந்து வந்தது, ஓடை எங்கே போகிறது என்பதை ஒன்றுவிடாமல் இந்தியில் சொன்னார்.

கன்று நடுவது நின்றது. மண் முழுவதையும் ஒரு வாரத்தில் அள்ளிவிட வேண்டும், குளத்துத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் கமாண்டர் காரில் ஏறினார்.

ஆனால் மூன்றாம் நாளே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலீஸ்வரனின் லாரி பாதி மண்ணை அள்ளியிருந்தது; மீதியில் கரைந்தது கரைந்ததுதான். சங்கரம்மாள் நனைந்தபடி கரையில் நின்று, செந்தண்ணீர் போவதைப் பார்த்து, வாய்விட்டு ஏசினாள். பிறகு ஊருக்குள் போய், சோதனை முடிவு வரும்வரை குளத்தில் மாட்டை இறக்காதீர்கள் என்று வீடுவீடாகச் சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர், “தண்ணி பாக்க நல்லாத்தானே இருக்கு,” என்றார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி விழாவுக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் தரவும். காண்டிராக்டருக்கு அப்படி ஒரு தாள் போனதாக யாரும் சொல்லவில்லை. அவள் விளக்கத்தைத் தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதினாள். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. சாட்சிக் கையெழுத்தைச் சலீம் போட்டார்.