டாரில் மாட்டிய நட்டுகள்

டாரிலுக்கு வாய் திறக்கும் முன் கை நீண்டுவிடும். ஆஸ்திரேலியாவின் பெனல்லா ஊரில் விபத்துக்குள்ளான வண்டிகளை வெட்டிப் பிரித்து இழுத்து வருவது அவன் தொழில். ஞாயிறுகளில் எங்கள் கார் பந்தயக் கிளப்பில் வேகமாக ஓட்ட வருகிறவர்களின் சக்கரங்களைச் சோதிப்பதும் அவன்தான். நான் பந்தயப் பாதையின் வளைவில் எச்சரிக்கைக் கொடி பிடிப்பவன். அவனிடம் அடி வாங்கியவர்கள் எங்களில் பலர் உண்டு, அவனைக் கிளப்பிலிருந்து விலக்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அவன் உயிரே மகள் டீகன்தான். அந்த ஞாயிறு அவள் தன் காதலன் ஜாரெட்டின் காரில் உடன் செல்ல வந்திருந்தாள். சக்கரத்தில் ஊதா நிற அலுமினிய நட்டுகள் பளபளத்தன.

"என்னடா இது, கம்மலா?"

"வெயிட் கம்மி டாரில்."

"பிரேக் சூட்டுல நட்டோட மரை உரிஞ்சிடும். உள்ள உக்காரப்போறது என் பொண்ணு. கழட்டு."

"உன் வேலையப் பாரு, கிழவா."

டாரிலின் குத்து ஜாரெட்டின் மூக்கில் விழுந்தது. கீழே விழுந்தவனை வயிற்றில் மிதித்தான். டீகன் அப்பனை அறைந்தாள். "மிருகமா நீ? நான் இவன்கூடத்தான் போவேன்."

"போ. இந்தக் குப்பை நட்டோட போகாத."

தன் காரின் இரும்பு நட்டுகளைக் கழற்றி ஜாரெட்டின் காரில் அவனே மாட்டினான். ஒரே கம்பெனி வண்டிகள், மரை பொருந்தியது. அளவுபார்த்து முறுக்கவும் செய்தான். ஆனால் அந்த நட்டுகளின் அடி உருண்டை. ஜாரெட் வெளியே வாங்கிப் போட்ட சக்கரத்தின் துளையோ கூம்பு. உருண்டை கூம்பில் பதியாது, ஓட ஓடத் தளர்ந்துவிடும். மரைக்கு முன் அடியைப் பார் என்று புதியவர்களுக்கெல்லாம் சொல்பவன், கோபத்தில் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் என் வளைவில் இடது முன்சக்கரம் கழன்று பறந்தது. கார் உருண்டு சுவரில் மோதியது. ஜாரெட் தவழ்ந்து வெளியே வந்தான். டீகனின் கால் நசுங்கிய கதவுக்குள் மாட்டிக்கொண்டது.

டாரில் ஸ்பேனரோடு ஓடிவந்தான். "ஊதா நட்ட மறுபடி மாட்டினியாடா?" என்று ஜாரெட்டின் தோளில் அடித்தான். எலும்பு முறிவது எனக்குக் கேட்டது. பாவி, நிறுத்தவே இல்லை.

"அவன விடுப்பா," உள்ளிருந்து டீகன் அலறினாள். "அது நீ மாட்டினது."

புல்லில் கிடந்த இரும்பு நட்டை அப்போதுதான் பார்த்தான். ஸ்பேனரை எறிந்துவிட்டு தன் இழுவை வண்டிக்கு ஓடி, வெட்டும் கருவியோடு வந்தான். அதை இயக்கத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான்.

"நீ தொடாத. வேற யாராவது வரட்டும்," என்றாள். அவன் நெருங்கியபோதெல்லாம் உடைந்த கண்ணாடியை அவன் முகத்தில் வீசினாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை கருவியைப் பிடித்தபடி நின்றான். தாமதமானதால் டாக்டர்களால் அவள் காலைக் காப்பாற்ற முடியவில்லை.