சைக்கிளில் போகும் துப்பாக்கி

தாராவியில் எனக்குத் தங்க இடம் கொடுத்த மளிகைக் கடை அண்ணாச்சி சைக்கிளை உருட்ட, நான் கூட நடக்கிறேன். சைக்கிள் பாரோடு சேர்த்து ஒரு நீள உறையைக் கட்டியிருக்கிறார். உள்ளே அவர் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி. தேர்தல் வருகிறது, லைசன்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.

எதிரே இட்லி அண்டாவோடு வருபவர் சர்வசாதாரணமாக ஒதுங்கி வழிவிடுகிறார். நான்தான் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

“இப்படி ரோட்டுல கொண்டு போலாமா அண்ணாச்சி?”

“தாராளமா போலாம். உறையில இருக்கணும், உள்ள தோட்டா இருக்கக் கூடாது, லைசன்ஸ் கையில இருக்கணும். எல்லாம் பக்கா.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார்.

“அப்ப தோட்டா எங்க?”

“ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதுல்லா? அதான் காலைல உங்க பையில வச்சிட்டேன். டென்ஷன் ஆவாதீங்க.”

தோள்பையைத் துழாவுகிறேன். துண்டுக்கு அடியில் கனமான அட்டைப்பெட்டி. லைசன்ஸ் அவருக்குத்தானே? நான் சுமந்தால் அது எந்தக் கணக்கு? இப்போது நடுரோட்டில் வைத்து அவரிடம் திருப்பிக் கொடுப்பது சரியா, அதைவிடத் தப்பா?

யோசிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது. வாசலில் நிற்கும் போலீஸ்காரர் லைசன்ஸைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியோடு வந்தவரை உள்ளே அனுப்புகிறார். என்னைக் கைகாட்டி நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்கிறார்.