ஒரே வேலைக்கு இரண்டு பேர்

இறுதிப் பரீட்சை முடிவு வந்த கிழமையிலேயே எனக்கும் என் தோழிக்கும் வேலை தேடும் காய்ச்சல் பிடித்துவிட்டது. களனிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து முகாமைத்துவம் படித்தவர்கள் நாங்கள். அவள் கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. புறக்கோட்டையில் பஸ் மாறி எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கி எந்த வேலைக்குப் போடுறோம்?" என்று கேட்பாள்.

விளம்பரம் பார்ப்பதே எங்களுக்கு ஒரு கொண்டாட்டமாக இருந்தது. வங்கி என்றால் என்ன நிறச் சேலை கட்டுவது என்று கதைப்போம். ஹோட்டல் என்றால் கடல் தெரியும் பக்கம் மேசை கிடைக்குமா என்று யோசிப்போம். விண்ணப்பம் இன்னும் போயிருக்காது, மனத்துக்குள் நாங்கள் அங்கே மதியச் சாப்பாடு முடித்திருப்போம்.

நான் எழுதிய முதல் சிவியை அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தாள். பொழுதுபோக்கு: வாசிப்பு, இசை கேட்டல். திறமைகள்: கடின உழைப்பு.

"இத வாசிச்சா நீ உயிரோட இருக்கியான்னே தெரியல" என்றாள். "அனுராதபுரத்துக்கு ட்ரிப் போன நேரம் பஸ் நடுவழியில நின்னுச்சே. நாப்பது பேருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தேடினது யாரு?"

"அதெல்லாம் ஒரு வேலையோ?"

"வேற என்ன அது?"

மூன்று வரியில் அதை எழுதினேன். எழுதி முடித்ததும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த மூன்று வரிக்குள் இருந்த பெண்ணை நானே வேலைக்கு எடுத்திருப்பேன்.

நேர்முகத் தேர்வு ஒத்திகைக்குத் தலைமை தாங்கியவள் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சி. வீட்டுச் சட்டைக்கு மேல் அப்பாவின் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியை இரண்டு நிமிடத்தில் மணி அடிக்க வைத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். ஆங்கிலத்தில் நாக்குத் தடுமாறும் என்பதால் முதல் நாள் தமிழில் பழகினோம்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

"எனக்கு இந்தத் துறையில நிறைய ஆர்வம்..."

"இந்தத் துறை எண்டா எந்தத் துறை?"

நான் தோழியைப் பார்த்தேன். அன்று காலையில் ஐந்து இடத்துக்குப் போட்டிருந்தோம். இது எந்த இடத்துக்கான ஒத்திகை என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"நன்றி. நீங்கள் போகலாம்" என்றாள் தங்கச்சி. தோழி சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள். பிறகு அவளுடைய முறை வந்தது. அவளையும் ஒன்றரை நிமிடத்தில் தங்கச்சி வெளியே அனுப்பினாள்.

மூன்றாவது கிழமை, கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு கப்பல் சரக்கு நிறுவனம் எங்கள் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டது. பட்டதாரிப் பயிலுநர், ஒரே ஒரு இடம். மின்னஞ்சலைப் பார்த்ததும் அவள்தான் முதலில் தொலைபேசி எடுத்தாள்.

"உனக்கும் வந்துச்சா? அப்ப ஒண்ணு செய்வோம். அங்க நாம ரெண்டு பேரும் தெரியாத ஆக்கள். இல்லாட்டி கூட்டுச் சேந்து வந்திருக்காங்கன்னு நெனைப்பாங்க."

எனக்கு அது பெரிய துப்பறியும் வேலைபோல இருந்தது. உடனே சம்மதித்தேன்.

அன்று காலை வெயில் சுட்டது. புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. கட்டடத்தின் வாசலில் நின்ற காவலாளி, "லிஃப்ட் எக்க கெடிலா மிஸ், படிபெளென் யன்ன" என்று, லிஃப்ட் பழுது என்பதைச் சிங்களத்தில் சொல்லி, படிக்கட்டைக் காட்டினார். ஐந்தாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் என் தோழி படியில் குந்தியிருந்து சான்றிதழ்க் கோவையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் தெரியாத ஒருத்தருக்குத் தலையசைப்பதுபோல அசைத்தேன். அவளும் மரியாதையாக அசைத்தாள். அடுத்த படியில் நான் சிரித்துவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஐந்தாம் மாடிக்கு நாங்கள் ஒரு நிமிட இடைவெளி விட்டுத்தான் போனோம்.

முதலில் குழு வேலை. ஆறு பேரை வட்ட மேசையில் இருத்தி ஒரு தாள் தந்தார்கள். கப்பலில் இரண்டு கொள்கலனுக்குத்தான் இடம் இருக்கிறது. காத்திருப்பதோ மூன்று: மருந்து, பாடப் புத்தகம், பண்டிகை உடுப்பு. எதை விடுவது? அரை மணித்தியாலத்தில் ஒரே முடிவுக்கு வரவேண்டும். மூன்று பேர் சுவரோரம் இருந்து எங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து போகவேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. உடுப்பை விடலாம் என்றேன். என் தோழி ஆங்கிலத்தில், புத்தகம் ஒரு கிழமை பிந்தினால் பிந்தட்டும், பண்டிகை முடிந்த பிறகு உடுப்பு யாருக்கு, என்று கேட்டாள். நான் விடவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கும் நாளைத் தள்ளிவைக்க முடியாது என்றேன். அவளும் விடவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்த கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் பந்து விளையாட்டுப் பார்ப்பதுபோல அங்கும் இங்கும் தலையைத் திருப்பினார். சுவரோரம் இருந்தவர்களை நான் மறந்தேன். வேலையை மறந்தேன். அந்தப் புத்தகங்கள் மட்டும்தான் மனத்தில் இருந்தன.

"இல்லையடி, நீ சொல்றது பிழை" என்றேன். பச்சைத் தமிழில், வீட்டில் சொல்வதுபோல.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் இருந்த அம்மையார் ஒருவர் பேனையை வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் தெரிஞ்ச ஆக்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. ஓம் என்றோம். கண்ணாடி போட்டவர், மூன்றாவது கொள்கலனை வேறு ஒரு கப்பலில் ஏற்ற முடியுமா என்று கேட்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். அதையே முடிவாக எழுதிக் கொடுத்தோம்.

தனித்தனி நேர்முகத்தில் அதே அம்மையார் என்னிடம் கேட்டார்: "உங்கள் தோழியையா உங்களையா நாங்கள் எடுக்கவேண்டும்?"

இந்தக் கேள்வியைத் தங்கச்சி கேட்டிருக்கவில்லை. நான் தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவளுடைய துணிவு, ஆட்களோடு பழகும் விதம், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் ஒரு நல்ல மனுஷி என்ற எண்ணம் எனக்குள் பொங்கியது. கடைசியில், இருவரில் யாரை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் என்றேன். அம்மையார் நன்றி சொன்னார்.

வெளியே வந்து, பக்கத்து ஒழுங்கையில் உள்ள சாப்பாட்டுக் கடையில் பிளேன்டீ குடித்தோம்.

"உன்னட்டையும் அந்தக் கேள்வி கேட்டவையோ?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னனீ?"

"என்னை எடுங்கன்னு சொன்னேன்."

நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். "நான் உன்னைப் பற்றி எவ்வளவு நல்லாச் சொன்னனான் தெரியுமே?"

"நானும் உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னேன். ஆனா அவங்க கேட்டது யார எடுக்கிறதுன்னு. வேலை வேணும்னு அஞ்சு மாடி ஏறி வந்துட்டு, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

பஸ்ஸில் பம்பலப்பிட்டி வரைக்கும் எனக்கு அவளில் கோபம். வெள்ளவத்தையில் இறங்கும்போது அந்தக் கோபம் என்னில் திரும்பியிருந்தது.

நான்காம் நாள் அவள் தொலைபேசி எடுத்தாள். "எனக்குக் கெடைச்சிருச்சு" என்றாள். நான் கத்திய கத்தலில் தங்கச்சி குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள், எனக்குத்தான் வேலை கிடைத்தது என்று நினைத்து. உண்மையில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது; இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் சனிக்கிழமையும் அவள் வந்தாள். கையில் புறக்கோட்டையில் மருந்து இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் இருந்தது. விண்ணப்பம் போய், பத்து நாளில் கூப்பிட்டார்கள். அதுவரை ஒரே ஒரு கேள்விக்குத்தான் ஒத்திகை: உங்களை ஏன் எடுக்கவேண்டும்?

"வாற எல்லாரும் திறமையான ஆக்கள்தான், ஆனா..."

தங்கச்சி மேசையில் தட்டினாள். "கேட்டது மற்ற ஆக்களைப் பற்றி இல்லை. திரும்பச் சொல்லுங்கோ."

வெட்கப்படாமல் சொல்வதற்கு எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

கடை ஒன்றின் மேல்மாடியில் அந்த அலுவலகம். உரிமையாளர் முஸ்லிம், நடுத்தர வயது. என் சிவியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய மேசைத் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு, ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "கம்பஹாவுல மருந்துக்கடைக்காரர். வேற பெட்டி போயிட்டாம், ஏசுறார். கதைச்சுப் பாருங்க."

என் சிங்களம் பஸ்ஸிலும் சந்தையிலும் பழகியது. அதை வைத்துக்கொண்டு அவருடைய பெயர் கேட்டேன், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன், ஒவ்வொன்றாக எழுதினேன். ஏசியவர் மெல்ல மெல்லப் பட்டியல் சொல்பவராக மாறினார். எது இன்றைக்கே அவசரம் என்று கேட்டதும், ஒரு மருந்து மட்டும்தான் என்றார். தாளை உரிமையாளரிடம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்து, அந்த ஒன்றை மத்தியானத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லச் சொன்னார்.

ரிசீவரை வைத்ததும் கேட்டார்: "சரி, உங்கள ஏன் நாங்க எடுக்கணும்?"

"இப்ப செய்ததை நான் ஒவ்வொரு நாளும் செய்வன், சேர். எனக்கு இந்த வேலை வேணும். என்னை எடுங்கோ."

அவர் சிரித்தார். "திங்கட்கிழமை வர ஏலுமா?"

கீழே இறங்கியபோது தெரு முழுக்க மூட்டை தூக்கும் நாட்டாமைகள் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கடை ஓரம் ஒதுங்கித் தோழிக்கு எடுத்தேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்று குசுகுசுத்தாள். திங்களிலிருந்து எனக்கும் வேலை என்றேன். கதிரை இழுபடும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், பிறகு அவளுடைய கூச்சல்.

பஸ்ஸில் இருக்க இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்ற, முன்பின் தெரியாத சிங்களப் பெண்மணியிடம், "மட்ட ரஸ்ஸாவக் ஹம்புணா" என்றேன், வேலை கிடைத்துவிட்டது என்று. "ஷா, ஹரி ஹொந்தய்" என்று, மிக நல்லது என்பதுபோல, அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். எங்கே, என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெள்ளவத்தை வரும்வரை நான் நிற்காமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.