தலைவர் திறந்து வைத்த விளக்கு

நான் உதவியாளனாக இருந்த கெலுகோர் ஆய்வகத்தில் பழைய ஒளிர்வு நுண்ணோக்கியைக் கழித்துப் போட்டபோது, அதிலிருந்த ஒரு கைப்பிடியை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். சுண்டுவிரல் நீளம். வெளியே இழுத்தால் விளக்கொளி சாயமிட்ட திசுவின்மேல் விழும். உள்ளே தள்ளினால் மறைபடும். அந்த ஒளியில்தான் சாயம் மின்னும், அதே ஒளியில்தான் வெளுத்தும் போகும். பார்த்த உடனே தள்ளுங்கள் என்று மாணவர்களை நச்சரிப்பேன். விளக்கு எத்தனை மணிநேரம் எரிந்தது என்று எண்ணிக் குறிப்பது என் வேலை. அந்த எண்ணுகிற வியாதி இன்னும் போகவில்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, அடிபட்ட எலி மூளையில் காயத்தைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன என்று காட்ட முயன்றாள். சேராது என்று எங்கள் ஆய்வகத் தலைவர் முன்பே எழுதியிருந்தார். "எலிக்குக் கொழுப்பு இருக்கோ இல்லியோ, உனக்கு நிறைய இருக்குலா" என்பார் எல்லார் முன்னாலும்.

அவளுடைய உதவித்தொகையை நீட்டிப்பதா என்று முடிவுசெய்யக் குழு வந்த அன்று காலை, கடைசி மூளையின் கடைசித் துண்டில் அந்தத் துளிகள் தெரிந்தன. காயத்தின் விளிம்பில் மட்டும், பொன்னிறப் பொட்டுகளாக. நாற்பத்தொன்று எண்ணினேன். ஆனால் தலைவர் பார்க்குமுன் எதையும் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்துச் சட்டம். ஓடிப்போய் அவரை அழைத்துவந்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கைப்பிடியைத் தள்ளாமலே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அவளுடைய ஆங்கிலப் பிழைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"சார், மூடிடட்டுமா? சாயம் வெளுத்திடும்" என்றேன்.

"எண்ணுறதோட நிறுத்திக்குங்கண்ணே."

அவள் கை நீட்டினாள். "நான் பேசும்போது கை எங்க போவுது?" என்றார். கை திரும்பிவிட்டது. அவர் பேச்சு நீண்டது.

குழுவினர் வந்து ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கருப்பு.

"காலைல இருந்துச்சு, டாக்டர். சாரும் பார்த்தாங்க" என்றாள் அவள்.

"பாவம், பிள்ளைக்குத் தூக்கமில்லை" என்றார் தலைவர், அவ்வளவு கனிவாக.

நானும் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்தன என்றேன். "அண்ணன் எதையும் எண்ணிடுவாரு. இல்லாததையும்" என்றார். குழுவினர் சிரித்தார்கள். உதவித்தொகை நின்றது.

அவர்கள் போனபின் அவரே கைப்பிடியை மெல்ல உள்ளே தள்ளினார். "விளக்குக்கு ஆயுள் கம்மி, இல்லியாண்ணே?"

சில ஆண்டுகளில், காயத்தைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் சேரும் என்று அவரே கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றார். அவள் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே மின்சுற்றுப் பலகைகளில் பழுது தேடுகிறாள். இன்று கெலுகோரில் பிள்ளைகள் முதலில் படம் எடுத்துக்கொண்டு பிறகுதான் யாரையும் கூப்பிடுகிறார்கள்.

கைப்பிடி என் மேசைமேல் கிடக்கிறது. போகிறபோதும் வருகிறபோதும் விரலால் தள்ளிவிடுகிறேன். அது எதையும் மூடுவதில்லை. உருண்டு தரையில் விழுகிறது. எடுத்து வைக்கிறேன்.