வெளிக்கிடப் போறம்

அப்பா ராணுவத்தில் பாராசூட் படைவீரர். அவருடைய கதைகளைச் சின்ன வயதிலேயே மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன்: பயிற்சி, சண்டை, சிரிப்பு.

பயிற்சிக் கதையில் எப்போதும் விமானத்தின் கதவு வரும். பச்சை விளக்கு, முதுகில் ஒரு தட்டு, காலுக்குக் கீழே வெறும் காற்று. தரையில் எப்படி விழவேண்டும் என்று மாமல்லபுரம் கடற்கரை மணலில் எனக்கும் காட்டியிருக்கிறார். காலைச் சேர்த்து வை, முழங்காலை மடக்கு, கீழே பார்க்காதே, பக்கவாட்டில் உருளு. சண்டைக் கதைகள் குறைவு. அவ்வளவு குதிக்கக் கற்றுக்கொண்டும் இந்திய அமைதிப்படையாகப் போனபோது யாழ்ப்பாணத்தில் ஹெலிகாப்டரிலிருந்துதான் இறங்கினார்களாம். கூட ஓடியவர் குண்டடிபட்டு விழுந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார்.

சிரிப்புக் கதை மட்டும் நீளம். அவருடைய குழுவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊரடங்கு நேரம், தெருமுனையில் காவல் நிற்கிறார்கள். ஒரு வயதான அம்மா கையில் பெட்டியோடு மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, "தம்பி, நாங்கள் வெளிக்கிடப் போறம், விடுங்கோ" என்று கெஞ்சுகிறார். என்னவாம் என்று அதிகாரி கேட்க, கக்கூஸ் போகணுமாம் என்று அப்பா இந்தியில் சொல்கிறார். எங்கள் பக்கம் வெளிக்கி போவது என்றால் அதுதானே. வீட்டுத் தோட்டத்திலேயே போகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா கடைசியில் கண்ணைச் சிமிட்டுவார்: "வெளிக்கி போறதுக்குப் பொட்டி இன்னாத்துக்கு?"

கல்யாண வீடுகளில் இந்த வரிக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். நானும்தான்.

போன மாதம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, என் குழுவில் வேலை செய்யும் பெண் அவளுடைய அம்மாவிடம் போனில், "பின்னேரம் ஆறு மணிக்கு வெளிக்கிட்டுடுவன்" என்றாள். அவள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையில் இருந்த எல்லோருக்கும் அப்பாவின் கதையைச் சொன்னேன், பெட்டி வரைக்கும். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "வெளிக்கிடுறதுன்னா கிளம்புறது. ஊரை விட்டுப் போக விடச் சொல்லிக் கேட்டிருக்காங்க" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனாள்.

சோதனைப் பொறியாளர் நான். ஒரு எண் மாறினாலும் ஏன் என்று கேட்பதுதான் வேலை. அந்தப் பெட்டியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் வீட்டில் அப்பா இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சொல், அதன் அர்த்தம், யார் சொன்னது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கை நின்றது.

"அப்ப, போறோம்னுதான் சொன்னாங்களா."

"ஆமாம்பா."

"மறுநாளே எங்கள வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. அந்தத் தெருவுல ஷெல் வுழுந்துச்சுன்னு பின்னால கேள்விப்பட்டேன். எந்த வூடுன்னு நான் கேக்கல."

குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணாண்ட நீ இன்னா சொன்ன?" என்றார்.

சாப்பாட்டு மேஜையை விட்டு அவள் போனபிறகு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

"மீட்டிங் இருந்துச்சுப்பா" என்றேன்.

மீட்டிங் எதுவும் இருக்கவில்லை.