மிளகாயின் பல்லும் கோகிலனின் விரலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குமுதாவுக்குக் கோபக்காரி என்றுதான் பெயர். ரப்பர் தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடிக்க வந்தபோது, பாவாடை தாவணியில் மேனேஜர் காருக்குக் குறுக்கே போய் நின்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போவில் ஒரு சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளைத் தேய்க்கும் வேலை. மனைவி பிரிந்துபோன பிறகு, லோரி ஓட்டும் தம்பி கோகிலனும் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

பூனைக்குட்டியைக் கொண்டுவந்தது அவன்தான். லூமுட் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது லோரிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்ததாம். செம்பட்டை நிறம் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தான். சாயங்காலமானால் அதைத் தடவிக்கொண்டே அதன் முகத்துக்கு முன்னால் விரல்களை ஆட்டுவான். அது பாய்ந்து கவ்வும்.

"புலி லா இவன்!" என்று சிரிப்பான்.

"கைய வச்சு விளையாட்டுக் காட்டாதடா, கடிச்சே பழகிரும்." சொல்லிச் சொல்லிக் குமுதாவுக்கு வாய் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். பெருமையாகத் தடவிக் காட்டப் போனவனின் கட்டைவிரலில் மிளகாய் பல்லை இறக்கிவிட்டது. நண்பர்கள் சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் அதன் மூக்கில் ஓங்கிச் சுண்டினான் கோகிலன். குட்டி அலறிக்கொண்டு துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஓடி ஒடுங்கியது.

நண்பர்கள் போனதும் ஒரு காலிப் பெட்டியோடு வந்தான். "பசார்ல விட்டுட்டு வாரேன்க்கா. கடிக்கிற சனியன் நமக்கு எதுக்கு?"

குமுதா அவன் கையிலிருந்த மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கினாள்.

"கடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நீ. கடிச்சா அடிக்கிறவனும் நீயா? யாராவது போவணும்னா நீ போ. பூனை இங்கதான் இருக்கும்!"

அவள் போட்ட சத்தத்தில் மிளகாய் இன்னும் உள்ளே பதுங்கியது. தன் சத்தமும் அதை மிரட்டுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து பூனைக்கு முன்னால் மட்டும் கோபத்தை விழுங்கினாள். தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

விளக்குமாற்றுக் குச்சியில் பழைய பாத்தேக் துணியைக் கட்டி ஆட்டினாள். பாய்வதும் கடிப்பதும் அதோடு போகட்டும் என்று. அது ஓடிக் களைத்த பிறகுதான் தாடைக்கடியில் மெல்லத் தடவுவாள். வால் நுனி துடித்தாலோ, காது பின்னால் சாய்ந்தாலோ கையை எடுத்துவிடுவாள். மீறிக் கடித்தால் கத்தமாட்டாள், இழுக்கமாட்டாள். கையை அசைக்காமல் வைத்திருந்து, அது விட்டதும் எழுந்து போய்விடுவாள். கடித்தால் தடவல் போய்விடும் என்று குட்டிக்கு மெல்லப் புரிந்தது.

கோகிலனுக்குத்தான் புரியவில்லை. ஓர் இரவு பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டே மறுபடி விரலை ஆட்டினான். குமுதா போய் டிவியை அணைத்தாள்.

"ஐயோ அக்கா, கோல் அடிக்கப் போறான்!"

"அடிக்கட்டும். விரல மடக்கு."

மடக்கினான். டிவியைப் போட்டாள். மறந்துபோய் நீட்டினான். அணைத்தாள். "பூனைய விட மோசம் லா நீ!" என்று அவள் கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டது. சில வாரங்கள் அந்த வீட்டில் எந்த ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்தவர் இல்லை.

பிறகொரு நாள் மிளகாய் தானாகவே கோகிலனின் மடியில் ஏறியது. பயந்து பயந்து தாடையைத் தடவினான். வால் துடித்ததும் சட்டென்று கையை எடுத்தான். அது கடிக்கவில்லை, அங்கேயே சுருண்டு படுத்தது. பாராட்டை எதிர்பார்த்து அக்காளைப் பார்த்தான்.

குமுதாவுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. "இதுக்கு இவ்வளவு நாளாடா?" என்று சீறிவிட்டு, அவன் எழுந்தால் குட்டி விழித்துவிடும் என்பதால், சோற்றைப் போட்டு அவன் கையில் கொண்டுவந்து திணித்தாள்.