ஆடு வேண்டாம் என்ற சாமி

எங்கள் மலையில் யார்மேல் சாமி வந்தாலும் ஆடுதான் கேட்கும். அதனால் காளியம்மன் திருவிழாவுக்கு அப்பா ஆட்டைக் கையோடு பிடித்து வந்திருந்தார். ஆனால் அந்த வருஷம் சாமி வந்தது அம்மாமேல்.

அம்மா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அப்பா எது சொன்னாலும் "சரிங்க"தான். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் படிப்பு போதும், இந்தத் தடவை என்னையும் கேரளத்துக்கு மிளகு பறிக்கக் கூட்டிப்போகலாம் என்று அப்பா சொன்னபோது மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சந்தோஷத்தில் குதித்தேன். ஒவ்வொரு வருஷமும் என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தானே போவார்கள்!

பம்பைச் சத்தத்தில் அம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. பெரியப்பா கற்பூரத் தட்டோடு, "தாயே, இன்னா வேணும்?" என்று கேட்டார். அப்பா ஆட்டை முன்னால் தள்ளினார்.

"ஆடு வேணாம்டா! ஒம் பொண்ண மெளகு பறிக்க இட்டுனு போவாத. ஜமுனாமரத்தூரு ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வெய்யி. இல்லனா ஒன் வூட்ல வெளக்கு எரியாது!"

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிழைத்தோமென்று ஆடு ஓடியே போனது. சாமி எல்லோருக்கும் திருநீறு பூசிக்கொண்டு வந்தது. என்னிடம் குனிந்தபோது நான் அழுதுகொண்டே மெல்லச் சொன்னேன்: "தாயே, எங்கம்மாகிட்டருந்து என்னப் பிரிக்காத." நெற்றியில் பூசிய கை இன்னொரு தடவையும் பூசியது. பிறகு சாமி அடுத்தவரிடம் போய்விட்டது.

ஆஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். எல்லோருக்கும் யாராவது வருவார்கள். நான் வாசல் கேட் அருகே நின்று ஆளேற்றி வரும் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலைப் பிரார்த்தனையில் வேண்டுமென்றே கண்ணை மூடமாட்டேன். அந்தச் சாமியோடு எனக்குப் பேச்சு கிடையாது.

மிளகுப் பறிப்பு முடிந்து ஒருநாள் அம்மா வந்தாள். எடுத்த எடுப்பிலேயே புகார் சொன்னேன்: "அந்தச் சாமிக்கு எம்மேல இன்னாத்துக்கும்மா அவ்ளோ கோவம்?"

அம்மா என் சடையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். "ஒம்மேல இல்ல பாப்பா" என்றாள். ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டு, "இனிமே அது வராது."

வரவும் இல்லை. அடுத்தடுத்த திருவிழாக்களில் பம்பை எவ்வளவு அடித்தாலும் அம்மா கொண்டை அவிழாமல் நிற்பாள். வீட்டில்தான், வேண்டாமென்றால் வேண்டாமென்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

சாமிக்கு என் வேண்டுதல் காதில் விழவில்லை என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.